மூன்று பேருக்கும் ஒரே பெட்டி

மகள் சீனாவில் ஆறு மாதம் படிக்கப் போயிருந்த இலையுதிர்காலம் அது. பெய்ஜிங்கில் ஒலிம்பிக் நடப்பதற்கு முந்திய வருடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கணினியில் கூப்பிடுவாள். எங்களுக்கு மத்தியானம் என்றால் அவளுக்குப் பொழுதுபடும் நேரம். நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் சமையலறை மேசையில் கணினியை வைத்து, நானும் மனைவியும் இரண்டு கதிரைகளை நெருக்கிப் போட்டு இருந்து அவளைப் பார்ப்போம். படம் அடிக்கடி நின்றுவிடும். அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றால் எனக்கு நெஞ்சு பக்கென்று போகும். இணைப்புக் கோளாறுதான் என்று தெரியும். தெரிந்தும் போகும்.

அப்படி ஒரு ஞாயிறு அவள் சொன்னாள்.

"ஒக்டோபரில ரெண்டு பேரும் ஒரு கிழமை வாங்கோ. ஒருநாள் ஹுவாங்ஷான் போவம். மஞ்சள் மலை. அம்மாவுக்குப் படம் அனுப்பினனான், பாத்தனீங்களே?"

மனைவி பார்த்திருந்தாள். எனக்கும் காட்டினாள். முகில்களுக்கு மேலே கல்லுக் கோபுரங்கள் மாதிரி உச்சிகள். கல்லைப் பிளந்துகொண்டு பைன் மரங்கள். மனைவி முகிலைப் பார்த்து "என்ன வடிவு" என்றாள். நான் படியைப் பார்த்தேன். மலையின் விலாவில் ஒரு ஆள் போகிற அளவுக்குப் படி வெட்டியிருந்தார்கள். படியின் ஒரு பக்கம் கல். மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை.

"முதல் நாள் பஸ்ஸில போய் அடிவாரத்து ஊரில தங்குவம்," என்றாள் மகள். "விடிய ஆறு மணிக்கு அங்கயிருந்து பஸ்ஸில வெளிக்கிட்டால் கேபிள் காரில மேல போகலாம். நாலு மணித்தியாலம் நடந்து பாத்திட்டுத் திரும்பக் கேபிள் காரில இறங்கலாம். ஒருநாள் காணும்."

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் வந்தால் மூண்டு பேரும் போவம். வராட்டி நானும் அம்மாவும் போவம். அதில எனக்குக் கோவமில்லை. ஆனா வந்து, பாதி வழியில நிண்டு, எல்லாரையும் திருப்பிறதெண்டால் வேண்டாம். இன்னொரு பிரீக்கஸ்டூலன் எனக்கு ஏலாது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். நோயாளியிடம் சொல்வது மாதிரித் தன்மையாகச் சொன்னாள். அதுதான் சுட்டது.

பிரீக்கஸ்டூலன் என்பது ஸ்தவாங்கருக்குப் பக்கத்தில் கடல் கழியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை. மேலே மேசை மாதிரித் தட்டை. விளிம்பில் இருந்து நேரே அறுநூறு மீற்றர் கீழே தண்ணீர். ஒரு கம்பி வேலிகூட இல்லை. நோர்வேக்காரர் அதில் காலைத் தொங்கப்போட்டு இருந்து பாண் சாப்பிடுவார்கள். மகளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்த ஒரு சிநேகிதர் எங்களைக் கூப்பிட்டார். போனோம். இரண்டு மணித்தியாலம் ஏறினோம். கடைசித் துண்டில் பாதை பாறையின் விளிம்போடு திரும்புகிற இடம் வந்தது. அங்கே எனக்குக் கால் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த மகளுடைய ஜாக்கெட்டின் தொப்பியைப் பின்னால் இருந்து பிடித்துவிட்டேன். "இன்னும் பத்து நிமிசம் அப்பா," என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் எங்களை விலத்திக்கொண்டு போனாள். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. மகள் அழாமல் திரும்பி நடந்தாள்.

அன்றையோடு அவள் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. அன்பாகத்தான் இருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் செய்திகள் ஆறிய பிறகுதான் என்னிடம் வரும் என்றாகிவிட்டது. பனிச்சறுக்கில் விழுந்து மணிக்கட்டு வெடித்த செய்தி மூன்று நாள் கழித்து வந்தது. கார் ஓட்டப் பழகியது லைசன்ஸ் கைக்கு வந்தபிறகு தெரியும். சீனாவுக்குப் படிக்கப் போவதே, விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் சொன்னாள். தாய்க்கு எல்லாம் முன்னரே தெரிந்திருக்கும். என்னை ஏன் விலக்கி வைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

அவளுக்கு அப்போது இருபது வயது. இந்த மலையிலும் நான் திரும்பினால் அதோடு முடிந்தது என்று எனக்கு விளங்கியது. வேலை எடுப்பாள், யாரையாவது கலியாணம் செய்வாள், வருத்தம் வந்து படுப்பாள். எல்லாம் எனக்கு ஆறிய செய்தியாகத்தான் வரும்.

"வாறன்," என்றேன்.

"என்ன? கேக்கேல்லை. படம் நிண்டிட்டுது."

"வாறார், வாறார்," என்றாள் மனைவி, நான் மனம் மாற முன்னர்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பாவின் சைக்கிள் கடையில் ஒரு ஆள் தேவைப்பட்டது. பிறகு இருபது வருடத்துக்கு மேல் கழித்து, ஒஸ்லோவில் நான் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது தும்புத்தடியோடு. பிள்ளைகள் போனபிறகு வகுப்பறைகளைத் துப்புரவு செய்கிற வேலை. அதனால் எனக்குக் கிடைத்த ஒரு வசதி, புவியியல் வகுப்பில் இழுத்து விரிக்கிற பெரிய உலகப்படம். அடுத்த நாளே சீனாவை இழுத்து விரித்தேன். ஒஸ்லோவில் இருந்து சாண் வைத்து அளந்தேன். மூன்று சாணும் நாலு விரலும். மகள் இருக்கிற ஊர் இருந்தது. மலை இல்லை. அந்த இடத்தில் மண்ணிறம் மட்டும் கொஞ்சம் தடிப்பாகப் பூசியிருந்தது. படத்தில்கூட இல்லாத மலை என்று நினைத்து, திரும்பவும் ஒருதரம் அளந்தேன்.

பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளரை நோர்வேயில் வக்த்மெஸ்தர் என்பார்கள். பூட்டு, விளக்கு, தண்ணீர்க்குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுடையவர் அறுபதை நெருங்கிய மனிதர். ஒரு ஞாயிறும் வீட்டில் இருக்கமாட்டார், காட்டிலோ மலையிலோதான். நான் படத்தின் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சந்தோசம். பென்சிலை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டு, பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் குந்திவிட்டார்.

"மலைக்குப் போகமுதல் கடுதாசியில் ஏற வேண்டும்," என்றார். "எத்தனை மணிக்கு என்ன, எங்கே தண்ணீர், எங்கே ஒதுங்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், எத்தனை மணிக்குத் திரும்புகிறாய். உச்சி ஐந்து நிமிடத்தில் இருந்தாலும் அந்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மலையில் திரும்புவது வெட்கமில்லை என்று."

எனக்குக் கோயிலில் பூ விழுந்த மாதிரி இருந்தது. ஐந்து வருடமாக நான் தலைகுனிந்துகொண்டிருந்த ஒரு விசயத்தை இந்த நாட்டுக்காரரே சட்டமாக வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும், மனைவி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருக்க, சப்பாத்தைக் கழற்றமுன்னமே சொன்னேன்.

"தெரியுமே, மலையில திரும்பிறது வெட்கமில்லையாம். நோர்வேக்காரரே சொல்லினம்."

"அது ஏறினவைக்குச் சொன்னது," என்றாள் அவள் தாச்சியைப் பார்த்தபடி. "நீங்கள் இன்னும் வீட்டை விட்டே வெளிக்கிடேல்லை."

ஆனாலும் கடுதாசியில் ஏறத் தொடங்கினேன். வகுப்பில் கிடந்த கட்டம்போட்ட தாள்கள் நாலைந்தை ஒட்டி ஒரு பெரிய தாள். இடப்பக்கம் நேரம். நடுவில் செய்வது. வலப்பக்கம் நடக்கக்கூடியது. ஐந்து மணிக்கு எழும்புதல் என்பதற்கு எதிரே, மணிக்கூடு அடிக்காமல் விடலாம் என்று எழுதினேன். பஸ் என்பதற்கு எதிரே, பிழையான பஸ், பிறேக், சாரதியின் நித்திரை. மூன்று கிழமையில் வலப்பக்கம் நிரம்பி, இன்னொரு தாள் ஒட்டவேண்டி வந்தது. இடப்பக்கத்தில் பன்னிரண்டு வரி. அவ்வளவுதான்.

வேலைக்குப் போகும்போதும் அந்த மலை கூடவே வந்தது. படி கழுவும்போது படியைப் பார்ப்பேன். ஈரப்படியில் என்னுடைய சப்பாத்து எத்தனை அங்குலம் வழுக்குகிறது என்று ஒருதரம் பரீட்சித்துப் பார்த்து, இடுப்பை அடித்துக்கொண்டேன். மோர்டென்ஸ்ருட் சுரங்க ரயிலின் கடைசி ஸ்டேசன். சனம் எல்லாம் இறங்கும்வரை நான் எப்போதும் எழும்பமாட்டேன். அந்த நாட்களில் இறங்கிய பிறகும் மேடையில் நின்று, முழங்கால் சரியாக மடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.

இன்னொரு ஞாயிறு மகள் சாதாரணமாக ஒன்று சொன்னாள். சீனாவில் தங்குகிற இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்து பொலிசுக்கு அனுப்புவார்களாம். எல்லா வெளிநாட்டுக்காரருக்கும் அப்படித்தானாம்.

அவளுக்கு அது ஒரு தகவல். எனக்கு அப்படியில்லை. கொழும்பில் லொட்ஜில் நாலு மாதம் இருந்தவன் நான். பொலிஸ் பதிவுத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கக்கூசுக்கும் போவேன். அந்தத் துண்டு இருந்தும் இரண்டுதரம் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது என்னிடம் நோர்வே பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் அதிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றுதானே அடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் படப்பிரதி மெசினில் எல்லாவற்றையும் மும்மூன்றாகப் பிரதி எடுத்தேன். பாஸ்போர்ட், கலியாணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ், என் வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம். ஒரு கட்டு பையில், ஒரு கட்டு இடுப்பில், ஒரு கட்டு காலில் போடுகிற மேசுக்குள்.

மனைவி மேசுக்குள் வைக்க மடித்த கட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"மலை பாக்கப் போறமோ, எல்லை தாண்டப் போறமோ?"

"நீர் சிரியும். கேட்டாங்களெண்டால் காட்ட ஒண்டும் இல்லாமல் நிக்கேக்கைதான் தெரியும்."

"வாடகை ஒப்பந்தத்தைச் சீனாக்காரன் ஏன் கேக்கப்போறான்? குடியிருக்க வரப்போறானோ?"

அவளால் இப்படிச் சிரிக்க முடிந்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவள் அந்த மலைக்குத் தயாராகிய விதமே வேறு. இரண்டு சோடி கம்பளிக் காலுறை வாங்கினாள். வேலையால் வரும்போது ஒரு ஸ்டேசன் முன்னமே இறங்கி நடந்து வந்தாள். அவ்வளவுதான் அவளுடைய திட்டம்.

பஸ், படி, பொலிஸ் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மருந்து கண்டுபிடித்தேன். கேபிள் காருக்குத்தான் இல்லை. வக்த்மெஸ்தர் அதில் ஒரு பயமும் இல்லை என்றார். அவர் வருடம்தோறும் பனிச்சறுக்குக்கு அந்த மாதிரிக் கம்பியில் தொங்கித்தான் மேலே போகிறவராம். தடித்த கம்பி, நூற்றுக்கணக்கான இழை என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்புத்தான் இல்லை. கம்பியைப் பற்றித் தெரியும். சைக்கிள் பிறேக் கம்பி ஒரேயடியாக அறுவதில்லை. உள்ளுக்குள் ஒவ்வொரு இழையாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. கடைசி இழை இருக்கும்வரை பிறேக் நன்றாகவே பிடிக்கும். கடைக்கு வந்து "நேற்றுவரைக்கும் நல்லா இருந்தது" என்று சொல்லாத ஆள் இல்லை. சிராய்த்த முழங்காலோடு நின்று சொல்வார்கள். நான் எண்ணெய்க் கையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது வராத பயம் முப்பது வருடம் கழித்து வந்தது. கண்ணை மூடினால் ஒரு பெட்டி, அதற்குள் நாங்கள் மூன்று பேர், மேலே ஒரு இழை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் திடீரென்று வழி கிடைத்தது. அவ்வளவு இலேசான வழி, இவ்வளவு நாளும் ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. தாளை விரித்து, கேபிள் கார் என்ற வரிக்கு நேரே எழுதினேன்: முதல் பெட்டி, அம்மா. அடுத்த பெட்டி, நானும் பிள்ளையும். இறங்கும்போதும் அப்படியே.

எழுதி முடித்ததும் வயிறு ஆறியது. ஐந்து கிழமைக்குப் பிறகு முதன்முதலாகப் பசித்தது. தாளை மேசையில் அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்க்க, மனைவி கையில் அகப்பையோடு நின்று அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன? என்னை மட்டும் தனிய ஏத்திறியள்?"

"கம்பி அறுந்தால் எண்டதுக்காக."

"அறுந்தால்?"

"எல்லாரும் ஒரே பெட்டியில இருக்கக் கூடாதெல்லே. ஒரு பெட்டி போனாலும் மற்றது..."

அவள் அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து இருந்தாள்.

"கிளாலி மாதிரி," என்றாள்.

கிளாலி யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரியின் ஒரு கரை. தரைப்பாதை பூட்டியிருந்த காலத்தில் நாங்கள் ஊரை விட்டு வெளியே வர இருந்த ஒரே வழி, அந்தத் தண்ணீரைச் சின்ன வள்ளங்களில் இருட்டோடு கடப்பதுதான். நேவிக்காரர் கண்டால் சுடுவார்கள். போய்வந்தவர்கள் சொல்லித் தந்தது, ஒரு வீட்டுச் சனம் ஒரே வள்ளத்தில் ஏறக் கூடாது. அந்த நாட்களில் எல்லாருக்கும் அது தெரிந்த விசயம். பிரிந்து ஏறினால் ஒரு பகுதியாவது மிஞ்சும். நான் மனைவியை ஒரு வள்ளத்தில் ஏற்றிவிட்டு, ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அடுத்ததில் ஏறினேன். மூன்று பேரும் கரை சேர்ந்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான் என்று நினைத்திருந்தேன். விருந்துகளில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். மனைவியும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

"உங்கடை வள்ளம் பிந்தினது," என்றாள் அவள். "தெரியுமே உங்களுக்கு?"

"மெசின் நிண்டு போச்சு. தடி ஊண்டித்தானே வந்தனாங்கள்."

"அது உங்களுக்குத் தெரியும். கரையில நிண்ட எனக்கு எப்பிடித் தெரியும்? வெடிச் சத்தம் கேட்டது. ஒரு வள்ளம் அடிபட்டிட்டுதெண்டு சனம் கதைச்சுது. நான் ஒவ்வொரு வள்ளமா ஓடி ஓடிப் பாத்தனான். இறங்கிறவையின்ர முகத்தையெல்லாம் கிட்டப் போய்ப் பாத்தனான். விடிஞ்சு போச்சு. நீங்கள் பிள்ளையைத் தோளில வைச்சுக்கொண்டு வந்து 'பாத்தீரே, நான் சொன்னனானெல்லே' எண்டு சிரிச்சியள். நானும் சிரிச்சனான்."

"ஏன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் பயந்திருப்பியள். இன்னும் எவ்வளவு தூரம் போக இருந்தது."

சோறு அடுப்பில் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அவள் எழும்பவில்லை. நான் எழும்பி அடுப்பைக் குறைத்தேன்.

"பதினாலு வருசம்," என்றேன்.

"ஒரு பகுதி மிஞ்சும் எண்டு சொல்லுறியள். அந்த மிஞ்சிற பகுதி நான்தானே. அண்டைக்கும் நான்தான், இதிலயும் நான்தான்." தாளில் அந்த வரியை விரலால் தட்டினாள். குரலில் கோபம் இல்லை. "நான் தனிய ஏறமாட்டன். விழுந்தால் மூண்டு பேரும் விழுவம்."

"அப்பிடிக் கதையாதையும்."

"சரி, கதைக்கேல்லை. சாப்பிட வாங்கோ."

சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன கறி என்று நினைவில்லை. நான் பயந்துவிடுவேன் என்பதற்காக ஒருத்தி அந்த விடியற்காலையைப் பதினாலு வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். மகள் செய்திகளை ஒளிப்பது பிரீக்கஸ்டூலனில் தொடங்கியது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அது பிழை.

அந்த வரியை வெட்டினேன். வெட்டிவிட்டு மூன்று பேரும் ஒரே பெட்டி என்று எழுதினேன். எழுதினால் மனம் இலேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் திரும்பவும் வந்து குந்திக்கொண்டது. முன்னைவிட மோசம், ஏனென்றால் இப்போது மருந்தும் இல்லை. வியாழக்கிழமை வகுப்பறையில் கதிரைகளை மேசைமேல் கவிழ்க்கும்போது கை தவறி ஒன்று விழுந்தது. வக்த்மெஸ்தர் எட்டிப் பார்த்து, சுகமில்லையா என்றார். மலை என்றேன். இன்னும் போகவே இல்லையே என்றார். மனைவியும் அதைத்தான் சொல்கிறாள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். நான் தாளைக் கணினிக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். அது மேசையின் கரையால் கீழே தொங்கியது.

"ஐயோ அப்பா, இது மலை ஏறுற பிளானா, சண்டைக்குப் போற பிளானா?"

"வாசிக்கிறன், கேள்."

வாசித்தேன். இடப்பக்கத்துப் பன்னிரண்டு வரியும்தான். வலப்பக்கத்தை வாசிக்கவில்லை. பஸ் ஆறு மணிக்கு என்றதும் அவள் ஓம் என்றாள். மேலே மூடுபனி என்றால் பாதையை மாற்றக் கூடாது என்றதும், அது சரி என்றாள். திரும்புகிற நேரம் ஒரு மணி என்றதும், ரெண்டு மணி அப்பா என்றாள். ஒன்றரை என்று முடிவாகியது. பிறகு கேபிள் கார்.

"மூண்டு பேரும் ஒரே பெட்டி," என்று வாசித்தேன்.

"வேற எப்பிடி?"

மனைவி தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் தாளை மடித்தேன். நான் சொல்லப்போவதை எழுதி வைத்திருக்கவில்லை.

"பிள்ளை, எனக்குப் பயம். இப்ப இருக்கிற பயம் அங்கையும் இருக்கும். கை நடுங்கும், வேர்க்கும், சனம் பாக்கும். நீ அதைப் பாத்துக்கொண்டுதான் வரோணும். ஆனா உன்ரை தொப்பியைப் பிடிச்சு இழுக்கமாட்டன். ஏலாமல் போனால் நான் ஒரு கல்லில குந்தியிருப்பன். நீங்கள் போட்டு வாங்கோ."

அவளுடைய முகம் அசையவில்லை. படம் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"அப்பா, நானும் ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த மலைக்கு நான் ஏற்கெனவே போனனான். போன மாசம். வகுப்பில படிக்கிற ரெண்டு பெட்டையளோட."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"நீங்கள் சொன்ன மாதிரி மூடுபனி வந்திட்டுது. பாதை பிழைச்சுப் போச்சு. ஸ்டேசனுக்கு வந்து சேர கடைசிக் கேபிள் கார் போட்டுது. பிறகு படியாலதான் இறங்கினனாங்கள். பொழுதும் பட்டுட்டுது. ஒரு போன் வெளிச்சம்தான். நல்ல காலத்துக்கு, மேல ஹொட்டேலுக்குச் சாமான் காவிற ஒரு ஆள் இறங்கி வந்தார். காவுதடியால முன்னுக்குப் படியைத் தட்டித் தட்டிக் காட்டினார். நாங்கள் அந்தச் சத்தத்துக்குப் பின்னால போனனாங்கள்."

படத்தில் பார்த்த படி. ஒரு பக்கம் கல், மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை. அதில் இருட்டில் என் பிள்ளை. அது நடந்த மாலை நான் இங்கே எந்த வகுப்பறையில் எந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்? வாய்க்குள் எல்லா வார்த்தைகளும் ஒன்றாக வந்து நின்றன. இனி ஏறாதே. அந்தப் பெட்டையளோடு சேராதே. உடனே வெளிக்கிட்டு வீட்டுக்கு வா. எல்லாவற்றுக்கும் முன்னால், ஏன் எனக்குச் சொல்லேல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் செவ்வாய்க்கிழமையே இந்த மேசையில் கிடைத்திருந்தது. மேசையின் கரையைக் கீழ்ப்பக்கத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கணினிக்கு அது தெரியாது.

"எத்தினை படி?" என்றேன்.

"எண்ணேல்லை அப்பா. ஆயிரக்கணக்கில இருக்கும்."

"என்ன சப்பாத்து போட்டிருந்தனீ?"

"சும்மா போடுறதுதான். அந்த வெள்ளை." கொஞ்சம் நிறுத்தினாள். "வழுக்கினது. ஒருக்கா விழுந்திட்டன். விளிம்புப் பக்கம்தான். உள்பக்கக் கல்லில அடிச்சிருந்த ஒரு கம்பியைப் பிடிச்சபடியால்..."

கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி தலையை நிமிர்த்தி முதலில் மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மகள் என்னைப் பார்த்தபடி இருந்தாள். அவள் சொல்வதா விடுவதா என்று யோசிக்கிற முகம் எனக்குத் தெரியும். சின்னதில் இருந்தே அப்படி வைத்துக்கொள்வாள், கீழ்உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு. என் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. மேசைக்குக் கீழே கை விறைத்திருந்தது.

"பிறகு?" என்று கேட்டேன்.